விட்ட இடம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய ஸ்தலம். பாசு என்றால் மூங்கில். ஒரு காலத்தில் இங்கே மூங்கில் காடு மண்டிக் கிடந்ததாம். காட்டை வெட்டியபோது வாச்சி பட்டு லிங்கம் வெளிப்பட்டது, அதனால்தான் சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று திருநாமம் என்பார்கள். வாச்சி தச்சனுடைய ஆயுதம் அல்லவா? வீடு கட்டப் போகிறவர்கள் வணங்குவதற்கு இவரைவிடப் பொருத்தமான சுவாமி கிடைக்கமாட்டார்.

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வணங்கினார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அந்த ஊர் ஓரத்தில் ஒரு மனை வாங்கியிருந்தார். நல்ல நாளில் அர்ச்சனையும் செய்தாயிற்று. பிறகு எனக்கு டெலிபோன் செய்தார். "வீடு கட்டுவது சுலபம் போலிருக்கிறது, ஐயா. கட்டலாம் என்று சொல்ல வைப்பதுதான் கஷ்டம். பிளான் போடுகிறவர் வருகிறார். நீரும் வாரும்" என்றார்.

போனேன். பிளான் போடுகிறவர் எழுபது வயதை எட்டிக் கொண்டிருந்த பெரியவர். துபாயில் இருபது வருஷத்துக்கு மேல் வரைபடக்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சுருட்டி வைத்திருந்த தாளைத் திண்ணையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தார். மனையின் நீள அகலம், சர்வே நம்பர், வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி, சாலையின் அகலம், பக்கத்து மனைகள், கிணறு, கழிவுத் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. கட்டப் போகும் வீடு சிவப்பு. இடிக்கப் போகும் பழைய கொட்டகை மஞ்சள். தெற்கு ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளிக் கோடு ஓடிற்று.

"இது என்ன, பெரியவரே?" என்று கேட்டார் நண்பர்.

"வாய்க்கால் சார். ஏரிக்குப் போறது. சர்வே படத்தில் இருக்கு."

"அதில் தண்ணீர் வந்து எத்தனையோ வருஷமாயிற்று என்கிறார்களே! இதைப் போடாமல் விட்டால் தெற்கே எனக்கு ஓர் அறை கிடைக்குமே?"

"கிடைக்கும் சார். ஆனா நான் போடாம விடமாட்டேன்" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை.

நண்பர் என் பக்கம் திரும்பினார். "நீர் கதை எழுதுகிறவர். நியாயத்தைச் சொல்லும். நிலம் என்னுடையது, பணம் என்னுடையது. நடுவில் இந்தக் கோடு யாருடையது?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாலைந்து புத்தகங்களைப் புரட்டினேன். சொந்த மண்ணில் சுவர் எழுப்ப மனிதன் ஊரைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் எப்படி வந்தது? அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உலகத்தின் மிகப் பழைய பிளான்களில் ஒன்று பாரிஸில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. இப்போது இராக் என்று வழங்கும் தேசத்தின் தெற்கே, லகாஷ் என்ற ராஜ்யத்தை ஏறக்குறைய 4100 வருஷங்களுக்கு முன் ஆண்டவன் கூதேயா. கருங்கல்லில் அவனுடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. மடியிலே ஒரு பலகை. பலகையில் கோவில் மதிலின் வரைபடம். பக்கத்தில் ஓர் அளவுகோல். காலக் கொடுமையால் சிலைக்குத் தலை போய்விட்டது. பிளான் மட்டும் பத்திரமாக இருக்கிறது! அந்த ஊர் இருந்த இடம் இன்று வறண்ட பாழ்நிலம்.

நம்முடைய சிற்ப நூல்களும் மனையைத்தான் முதலில் பரீட்சை செய்யச் சொல்லுகின்றன. குழி தோண்டு, எடுத்த மண்ணைத் திரும்ப அதே குழியில் போடு, மண் மிஞ்சினால் உத்தமம், குறைந்தால் வேண்டாம் என்கிறது மயமதம். மனையை 64 அல்லது 81 கட்டங்களாக வகுத்து, நடுவிலே பிரம்மாவுக்கென்று இடம் ஒதுக்குவார்கள். பழைய வீடுகளின் முற்றம் அதுதான். வெயிலும் மழையும் காற்றும் வீட்டுக்குள் வந்து போவதற்கு நம் பாட்டனார்கள் பிரம்மாவின் பெயரால் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

பாலைவன நகரங்களில் வேறு விதம். அரபு நாட்டு ஊர்களில் சந்தின் அகலத்தைப் பற்றித் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்பது நபிகள் நாயகத்தின் வாக்காகச் சொல்லப்படும் விதி. பாரம் ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரும் புதிருமாக வந்தால் இடிக்காமல் போக வேண்டும் அல்லவா? பதினான்காம் நூற்றாண்டில் டூனிஸ் நகரத்தில் இப்னு அல்-ராமி என்று ஒரு கொத்தனார் இருந்தார். வீடு சம்பந்தமான வழக்குகளில் நீதிபதிகளுக்கு அவர் கண்ணும் கையுமாக இருந்து, அந்த விதிகளையெல்லாம் ஒரு நூலாகவே தொகுத்தார். அண்டை வீட்டு முற்றம் தெரியும்படி ஜன்னல் வைக்காதே, உன் வீட்டுத் தண்ணீரை அடுத்தவன் சுவரில் விடாதே என்கிற ரகத்தைச் சேர்ந்த விதிகள். காகிதத்தில் பிளான் போடாத காலத்திலும் அக்கம் பக்கத்தாரின் உரிமை என்று ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி அந்த நூல்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. 1758-ஆம் வருஷக் கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி மறுபடியும் முற்றுகையிட்டான். கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்து வீடுகள் எதிரிக்கு மறைவாக உதவும் என்பது கம்பெனியாருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழைய ஊர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்று, 1773-இல் 13 தூண்களை நட்டு, அந்த எல்லைக்குள் ஒருவரும் வீடு கட்டக்கூடாது என்று கம்பெனியார் உத்தரவு போட்டார்கள். அவற்றில் ஒன்று பாரி முனையில் இன்னும் நிற்கிறது.

ஆகவே சென்னையில் கல் நட்டுச் சொன்ன முதல் "விட்ட இடம்" காற்றுக்காகவும் அல்ல, வெளிச்சத்துக்காகவும் அல்ல, குண்டுக்காக! அதற்காக வீட்டை இழந்தவர்களின் பெயர்களை எந்தத் தூணிலும் பொறிக்கவில்லை. அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஜனங்களுக்கு இன்றும் ஏன் கசக்கிறது என்று யோசிக்கும்போது, எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

காற்றும் வெளிச்சமும் சட்டத்தில் நுழைவதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவிற்று. இருட்டறைகளில் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த ஏழைகள் செத்து விழுந்தார்கள். 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. அதில் இருந்த ஓர் என்ற அதிகாரி, எதிர்ச் சுவருக்கு மேலே வானம் இத்தனை சாய்வில் தெரிந்தால்தான் அறைக்குள் வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட்டு, 63½ டிகிரி என்று ஒரு விதியை வற்புறுத்தினார். வீட்டைச் சுற்றி விடச் சொல்லும் இடம் இப்படிப் பிறந்ததுதான். அதை "வீண் இடம்" என்று சொல்லுகிறவர்கள் அந்தப் பிளேக்கை மறந்துவிட்டவர்கள்.

சென்னை ராஜதானிக்கு இந்த ஞானத்தைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கவர்னர் பென்ட்லண்டு பிரபு அழைத்ததன் பேரில் அவர் புறப்பட்டார். அவருடைய நகரக் கண்காட்சி, அதாவது உலகத்து ஊர்களின் படங்களும் பிளான்களும், வேறொரு கப்பலில் வந்து கொண்டிருந்தது. அது 1914-ஆம் வருஷம். செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பலைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே எம்டன் அக்டோபரில் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலை மூழ்கடித்தது. கெட்டிஸின் கண்காட்சி முழுவதும் அந்தக் கப்பலோடு கடலுக்கடியில் போயிற்று!

மனிதர் அசரவில்லை. சீமையிலிருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு கெட்டிஸ் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் சந்து பொந்துகளில் நடந்தே சுற்றினார். குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய சாலைகளை வெட்டி வீடுகளை நொறுக்குவது அவருக்குப் பிடிக்காது. வியாதி இன்னதென்று தெரிந்து கொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வை. இடிந்து கிடப்பதை அகற்று. ஒரு மரம் நடு. கிடைத்த வெளியைக் காப்பாற்று என்பது அவருடைய கட்சி. கம்பெனியாரின் 13 தூண்களுக்கு அது நேர் எதிரான கட்சி.

1920-இல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஜில்லா முனிசிபாலிடிகளின் சட்டமும் வந்தது. வீடு கட்ட விரும்புகிறவன் முதலில் மனையின் வரைபடத்தைக் கொடுத்து, இந்த மனை வீட்டுக்கு ஏற்றதுதான் என்று ஒப்புதல் பெற வேண்டும். பிறகுதான் கட்டடத்தின் வரைபடம். அந்தச் சட்டத்தில் ஓர் அழகான ஷரத்து இருந்தது. அதிகாரி காலதாமதம் செய்தால் முனிசிபல் மன்றத்துக்கு எழுதலாம். மன்றமும் ஒரு மாதம் வாயைத் திறக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பாவிக்கலாம்! மௌனம் சம்மதம் என்பதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய புண்ணியவான் யாரோ, மேஜைகளின் குணத்தை நன்றாக அறிந்தவர்.

ஆனால் திருப்பாச்சூர் போன்ற கிராமங்களுக்கும் பிளானுக்கும் வெகு காலம் அதிக உறவு இல்லை. கயிறு பிடித்து மேஸ்திரி சொன்ன இடத்தில் வீடு எழும்பும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போட்ட ரயில் பாதை திருவள்ளூரைச் சென்னைக்கு அருகில் கொண்டு வந்தது. பிறகு காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. தொழிற்சாலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே! வயல்களில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, வெள்ளைக் கல் நட்டு, மனை மனையாக விற்றார்கள். பல மனைப்பிரிவுகளுக்கு எந்த அங்கீகாரமும் இல்லை. கடைசியில் 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று தடை விதித்தது. மறு வருஷம் அவற்றை வரன்முறை செய்ய விதிகள் வந்தன. 1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022-இல் 5904 ஆக விரிந்து திருவள்ளூர்ப் பக்கத்தையும் அணைத்துக் கொண்டது.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அந்த ஹைகோர்ட் கட்டடம் நிற்பது, பீரங்கிக்காகக் கம்பெனியார் வெறுமையாக்கிய அதே பழைய கறுப்பர் நகரத்து மண்ணில்தான்.

இவ்வளவையும் தெரிந்து கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் திருப்பாச்சூருக்குப் போனேன். நண்பர் சுமுகமாக இல்லை. வாய்க்கால் இல்லாமல் பிளான் போட்டுத் தர வேறொருவர் தயாராக இருக்கிறாராம். பெரியவரும் வந்திருந்தார், கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக.

"துபாயில் எப்படி?" என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"1960-லே ஜான் ஹாரிஸ்ங்கிற வெள்ளைக்காரர் அந்த ஊருக்கு முதல் மாஸ்டர் பிளான் போட்டார் சார். நான் போனப்ப பழைய வீடுகள்ளே காத்துக் கோபுரம் பார்த்திருக்கேன். மேலே வர்ற காத்தைப் பிடிச்சு அறைக்குள்ளே இறக்கும். நாங்க போட்ட ஒவ்வொரு பிளான்லயும் வெயிலுக்குத்தான் கணக்கு. மழைக்கு யார் கணக்குப் பார்த்தது? 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி மழை வந்தது பாருங்க. 1949-லேருந்து எழுதி வெச்ச கணக்குல அந்த மாதிரி மழையே இல்லையாம். என் பையன் போன்ல சொல்றான், ரோட்டிலே கார் மிதக்குதுன்னு. பாலைவனத்துக்கே தண்ணி தன் வழியைக் கேட்டு வந்துடுச்சு. ஏரிக்கரை ஊர்லே வராதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

நண்பர் பதில் பேசவில்லை. எழுந்து தெற்கு ஓரத்துக்கு நடந்தார். நாங்களும் போனோம். வேலிக்கு அப்பால், தாழ்ந்த மேட்டில் இரண்டு ஓட்டு வீடுகள். ஓர் அம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக் கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்தக் கால்வாயிலே தண்ணி வருமா?" என்று கேட்டார் நண்பர்.

"எல்லா வருசமும் வராதுங்க ஐயா. பெரிய மழைன்னா வரும். மேலே யாரோ மண்ணைக் கொட்டி அடைச்சாங்க. அந்தத் தடவை எங்க வீட்டுக்குள்ளேதான் வந்துச்சு. நெல்லு மூட்டையெல்லாம் போச்சு" என்றாள். புகார் சொல்லுவதுபோல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு, "நீங்கதான் இங்க வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நண்பர் "ஆமாம்" என்று சொல்லுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கோடு யாருடையது என்று அவர் கேட்டாரே, அதற்கு நான் நாலைந்து புத்தகங்களைப் புரட்டிப் பதில் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. திண்ணைக்குத் திரும்பியதும் நண்பர், பெரியவர் நீட்டிய பணத்தை அவர் பையிலேயே திணித்தார். "தெற்கு அறையை எடுத்துவிடுங்கள், பெரியவரே" என்றார்.

பிளான் இப்போது அனுமதிக்குப் போயிருக்கிறது. வாய்க்காலின் புள்ளிக் கோடு அதில் தெளிவாக இருக்கிறது. அதற்கு வடக்கே விட்ட இடத்தில் என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டேன்.

"மூங்கில் வைக்கலாம் என்றிருக்கிறேன். ஊர்ப் பெயருக்காவது நாலு மூங்கில் இருக்க வேண்டாமா?" என்றார்.