தொலைக்காட்சித் தொடர்களின் பருவ இறுதிப் பகுதி: நிறைவு தரும் முடிவின் வரலாறு

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் பருவங்களாக ஒளிபரப்பாகின்றன. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஒரு பருவம் மறு ஆண்டின் வசந்த காலத்தில் முடியும். அதன் கடைசிப் பகுதியே பருவ இறுதிப் பகுதி எனப்படும். தொடர் முழுவதுமாக முடியும் பகுதி நிறைவுப் பகுதி ஆகும். தமிழ்த் தொலைக்காட்சியின் நாள்தொடர்கள் நீண்ட இடைவெளியின்றி ஓடுவதால் இந்த வேறுபாடு இங்கு அதிகம் உணரப்படுவதில்லை. வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்தவருக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் மனநிறைவைத் தருவது எதனால் என்பதை, சில புகழ்பெற்ற தொடர்களின் வரலாற்றைக் கொண்டு அறியலாம்.

முடிவே இல்லாத தொடர்கள்

1950களிலும் 1960களிலும் அமெரிக்கத் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு என்று ஒன்று இருந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு தனிக் கதை தொடங்கி அன்றே முடிந்தது. பார்வையாளர் குறைந்தால் தொடர் சத்தமின்றி நிறுத்தப்பட்டது. இதற்கு வணிகக் காரணமும் உண்டு. பழைய பகுதிகளை உள்ளூர் நிலையங்கள் எந்த வரிசையிலும் மறு ஒளிபரப்புச் செய்தன. கதை முடிந்துவிட்டது என்று தெரிந்தால் மறு ஒளிபரப்பை யார் பார்ப்பார்கள் என்ற அச்சம் நிறுவனங்களுக்கு இருந்தது.

1967: ஒரு கேள்விக்கு விடை

இந்த வழக்கத்தை உடைத்தது ஏபிசி நிறுவனத்தின் 'தி ஃபியூஜிட்டிவ்' தொடர். 1963இல் தொடங்கிய இத்தொடரில், மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்ட மருத்துவர் ரிச்சர்ட் கிம்பிள், தண்டனைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ரயில் தடம்புரள, தப்பி ஓடுகிறார். உண்மைக் கொலையாளியான ஒற்றைக்கை மனிதனை அவர் தேட, காவல் அதிகாரி ஜெரார்ட் அவரைத் துரத்துகிறார். கிம்பிளாக டேவிட் ஜான்சென் நடித்தார்.

நான்கு பருவங்கள், 120 பகுதிகள் கடந்து 1967 ஆகஸ்டு 29 அன்று விடை கிடைத்தது. ஒற்றைக்கை மனிதன் அகப்பட்டான். கிம்பிளின் உயிரைக் காக்க அவனைச் சுட்டவர் ஜெரார்டே. கடைசியில் நீதிமன்ற வாசலில், துரத்தியவர் கை நீட்ட, துரத்தப்பட்டவர் அதைப் பற்றிக் குலுக்குகிறார். அன்று ஏறத்தாழ 7.8 கோடிப் பேர் அதைப் பார்த்தனர். அந்நேரத்தில் இயங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் 72 விழுக்காட்டில் இத்தொடரே ஓடியது. முதல் பகுதியில் எழுந்த கேள்விக்கு ஒழுங்கான விடை தந்ததே அதன் வெற்றி. முடிவைக் காண மக்கள் திரண்டு வருவார்கள் என்பதையும் அந்த இரவு காட்டியது.

1975, 1983: துயரமும் நிறைவு தரும்

முடிவு இன்பமாக இருந்தால்தான் பார்வையாளர் மகிழ்வர் என்பது பொதுவான எண்ணம். கொரியப் போரில் பணியாற்றிய அமெரிக்க இராணுவ மருத்துவர்களைப் பற்றிய 'மாஷ்' என்ற சிபிஎஸ் தொடர் இதை மறுத்தது. 1975 மார்ச்சில் வெளிவந்த அதன் மூன்றாம் பருவ இறுதிப் பகுதியில், அனைவருக்கும் பிடித்த கர்னல் ஹென்றி பிளேக் விடுவிக்கப்பட்டு ஊருக்குப் புறப்படுகிறார். நண்பர்கள் சிரித்து விடை தருகின்றனர். பிறகு அறுவை அரங்கில் ஒருவர் வந்து, பிளேக் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்று அறிவிக்கிறார். மருத்துவர்கள் அறுவையை நிறுத்தவில்லை. கோபக் கடிதங்கள் பல வந்தன. ஆயினும் அது இன்றும் நினைவில் நிற்கிறது. போர் யாரையும் விட்டுவைக்காது என்று வாராவாரம் சொன்ன தொடர், தன் சொல்லைக் காப்பாற்றியது.

1983 பிப்ரவரி 28 அன்று வெளியான இரண்டரை மணி நேர நிறைவுப் பகுதியை, தொடரின் முதன்மை நடிகரான ஆலன் ஆல்டா இயக்கினார். இராணுவத்திலிருந்து தப்பப் பல ஆண்டுகள் பெண்ணுடை அணிந்து நடித்த கிளிங்கர், போர் முடிந்ததும், தான் மணந்த கொரியப் பெண் தன் குடும்பத்தைத் தேட உதவுவதற்காக அங்கேயே தங்கிவிடுகிறான். பிரிவுச் சொல்லைக் கூற மனம் வராத மருத்துவர் பி.ஜே., அதைத் தரையில் கற்களால் எழுதி வைக்கிறார். ஹெலிகாப்டரில் எழும்பும் நண்பர் ஹாக்ஐ அதை மேலிருந்து காண்கிறார். இந்த முடிவுகள் அந்தந்த மனிதரின் இயல்பிலிருந்தே பிறந்தவை. சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்த இப்பகுதி, 2010 வரை அமெரிக்காவில் மிக அதிகமானோர் பார்த்த ஒளிபரப்பாக விளங்கியது.

டல்லாஸ்: புதிரும் கனவும்

விடை சொல்லாமல் நிறுத்தும் பருவ இறுதிக்குப் பெரும் புகழ் தந்தது சிபிஎஸ்ஸின் 'டல்லாஸ்'. 1980 மார்ச் 21 அன்று, எண்ணெய்ச் செல்வரும் வஞ்சகருமான ஜே.ஆர். யூயிங்கை முகம் தெரியாத ஒருவர் சுடுவதோடு பருவம் முடிந்தது. அவரால் பாதிக்கப்பட்டோர் பலர் என்பதால் எல்லோர் மீதும் ஐயம் விழுந்தது. நடிகர் வேலைநிறுத்தமும் சேர்ந்து விடையைத் தள்ளிப்போட்டது. எட்டு மாதங்களுக்குப் பின், நவம்பர் 21 அன்று, சுட்டவள் அவருடைய மனைவியின் தங்கை கிறிஸ்டின் என்று தெரிந்தது. அவளுக்கு உரிய காரணம் கதையில் முன்பே இருந்ததால் பார்வையாளர் ஏமாற்றம் அடையவில்லை.

அதே தொடர் 1986இல் எதிர்ப்பாடத்தையும் தந்தது. முந்தைய ஆண்டு இறந்துபோன பாபி, 1986 மே மாதப் பருவ இறுதியில் குளியலறையில் உயிரோடு தோன்றினார். இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் அவர் மனைவி பாம் கண்ட கனவு என்று செப்டம்பரில் விளக்கம் வந்தது. டல்லாஸிலிருந்து கிளைத்த 'நாட்ஸ் லேண்டிங்' தொடரில் பாபி இறந்தவராகவே நீடித்தார். தாம் ஓராண்டு மனம் ஒன்றிப் பார்த்தவை நடக்கவே இல்லை என்று கேட்டபோது, அந்த ஆண்டே பறிபோனதாகப் பலர் உணர்ந்தனர்.

2019: அவசரத்தின் விலை

எச்பிஓவின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் ஆறு பருவங்களில் பத்துப் பத்துப் பகுதிகளாக நிதானமாக நடந்தது. ஏழாம் பருவம் ஏழு பகுதிகளாகவும், எட்டாம் பருவம் ஆறாகவும் சுருங்கின. அடிமைகளை விடுவித்த டெனேரிஸ், சரணடைந்த நகரை எரிப்பவளாக மாறியதைப் பலரால் நம்ப முடியவில்லை. கடைசிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரும் மனுவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அவள் வீழ்ச்சிக்கான குறிப்புகள் முன்பே இருந்தன என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் குறிப்பிலிருந்து முடிவுக்குச் செல்லும் படிகள் போதவில்லை என்பதே பலரின் குறை.

நிறைவின் அடிப்படை

இவற்றை ஒப்பிட்டால் சில கூறுகள் தெளிவாகின்றன. தொடர் எழுப்பிய முதன்மைக் கேள்விக்கு விடை வேண்டும். ஒவ்வொரு மனிதரின் முடிவும் அவர் இயல்பிலிருந்து வர வேண்டும். திருப்பம் எதிர்பாராததாக இருக்கலாம். காரணமற்றதாக இருக்கக் கூடாது. பருவ இறுதியில் புதிர் வைக்கலாம். அதன் விடை நேர்மையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையாளர் ஏற்கெனவே பார்த்ததைப் பொய்யாக்கக் கூடாது. ஹென்றி பிளேக்கின் மரணம் பார்வையாளரை அழவைத்தது. பாபியின் மீள்வரவு அவர்கள் விரும்பியதையே தந்தது. ஆயினும் நம்பிக்கையைக் காத்தது முன்னதே.