மலையில் வேலை, அடிவாரத்தில் வீடு: போடிநாயக்கனூர் குடும்பங்களின் ஊரான வரலாறு

புறநகர் என்றால் பெருநகரின் ஓரம் என்றே நாம் பழகியிருக்கிறோம். மெல்பர்ன் நகருக்கு மேற்கே டார்னீட் போன்ற பகுதிகள் அப்படி வளர்ந்தவை. நகருக்குள் வீடு வாங்க இயலாத இளம் குடும்பங்கள், இந்தியக் குடும்பங்கள் பலவும் அவற்றுள் அடக்கம், விளிம்பில் குடியேறின. 2015-இல் அங்கே ரயில் நிலையம் வந்தது. போடிநாயக்கனூரின் மக்களும் விளிம்பில் வீடு வைத்து வேறிடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்தாம். ஆனால் அவர்கள் வேலைக்குப் போகும் இடம் நகரமன்று; ஊருக்கு மேற்கே சுவராக எழுந்து நிற்கும் ஏலமலை. வேலை மேலே, வீடு கீழே என்ற இந்தப் பிரிவினை எப்படி உருவாயிற்று, அதன் சுமை யார் தோளில் இறங்கிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்த ஊர் போடி. எதிரே இருந்த மலை திருவிதாங்கூருக்கு உரியது. அந்த அரசு 1897-இல் ஏலமலையைக் காப்புக் காடாக அறிவித்தது. அதன் பரப்பு எவ்வளவு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை இன்றும் நீள்கிறது. ஏலம் நிழலில் விளையும் பயிர். மரத்தை வெட்டாமல் அதன் அடியில் பயிரிட்டுக்கொள்ளலாம் என்ற முறையில்தான் நிலம் கொடுக்கப்பட்டது. அங்கே ஊர் கட்டுவதற்கு அந்த உரிமையில் இடமில்லை. கொட்டும் மழையையும் மலைக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்தால், அடிவாரத்து மக்கள் ஏன் குடும்பத்தைக் கீழேயே வைத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

என் கணிப்பில் இதைவிட ஆழமான காரணம் பயிரின் கால ஒழுங்கு. மூணாற்றுத் தேயிலையை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே தொழிலாளியைத் தோட்டத்திலேயே குடிவைக்க லயங்கள் எழுந்தன. ஏலத்தில் காய் எடுப்பு பெரும்பாலும் ஆடி, ஆவணியில் தொடங்கி மாசிவாக்கில் ஓய்கிறது. ஒரு சுற்று எடுத்த செடியில் மறுசுற்றுக்கு 25 முதல் 45 நாள் ஆகும். அலை அலையாக ஆள் தேவைப்படும் இத்தொழிலில், பள்ளத்தாக்கிலிருந்து வந்து போகும் ஆட்களே முதலாளிக்குச் செலவு குறைவு. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாவை மட்டுமே குறிப்பிட்டது. ஏலம் அதில் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அப்போதும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் வெளியே நின்றன. தேயிலைத் தொழிலாளிக்கு லயம் கிடைத்த அந்த முப்பது ஆண்டுகளில் ஏலத் தொழிலாளியின் வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவரவர் தலையிலேயே இருந்தது.

லயத்தை உயர்வாகப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய வீடு அது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு மக்களைப் புதைத்ததை நினைத்தால், அடிவாரத்தில் சொந்தமாக ஒரு சிறு வீடு என்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்பது புரியும்.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலைப் பகுதிகளான தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதன்பின் தினக்கூலிக்குப் போவதும் மாநிலம் தாண்டுவதாயிற்று. குடும்ப அட்டையும் தமிழ்ப் பள்ளியும் வாக்குரிமையும் கீழே இருந்தன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டு ஓடி இறங்கினார்கள். 2020 ஊரடங்கில் எல்லையே மூடப்பட்டது. இரண்டு முறையும் பிழைப்பு மேலே நின்றுபோயிற்று. வீடு கீழே காத்தது.

டார்னீட்டைப் போலன்றி, போடிக்கு ரயில் வந்த கதை வேறு. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தபோது மலைச் சரக்கே அதன் நோக்கமாக இருந்தது. மூணாறு அருகே மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கிய தேயிலையும் மூட்டை மூட்டையாக ஏலமும் போடி வழியாகவே வெளியேறின. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, ஐம்பதுகளில் மீண்டும் போட்டார்கள். 2010-இன் கடைசி நாளோடு நின்ற அந்த ரயில், அகலப் பாதையில் திரும்ப 2023 ஜூன் 15 ஆயிற்று. இப்போது வருவது மக்களுக்கான ரயில். சென்னைக்கும் நேரடி வண்டி உண்டு. தேனி சாலையோரம் வயல்கள் மனைகளாவதற்கு இதுவும் ஒரு தூண்டுதல். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்த பிறகு, மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும். குழந்தைகளுக்கு அந்த இடம் தேவை.

ஆனால் போடிக் குழந்தையின் நாள் பூங்காவில் தொடங்குவதில்லை. இருள் பிரியுமுன் ஜீப் வந்து நிற்கும். தாய் தூக்குவாளியோடு ஏறுவாள். அடிவாரத்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்குப் போய், அந்திக்குத்தான் திரும்புவாள். நெரிசலாக ஆள் ஏற்றிய ஜீப்புகள் அந்த மலைச்சாலையில் கவிழ்ந்த செய்தி நமக்குப் பழகிப்போனது கொடுமை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஆச்சியோ மூத்த மகளோதான். மூத்த மகளின் பள்ளிப்படிப்பு இதில் எவ்வளவு கரைந்தது என்பதை யாரேனும் முறையாக ஆராய வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், தாய் புறப்பட்ட பிறகு கண்விழிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படுவது.

ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தோட்டத்திலேயே அமைக்கச் சொன்னது. இந்தப் பெண்களின் குழந்தைகளோ ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இருக்கிறார்கள். விடிகாலை ஜீப்பில் கைக்குழந்தையை யாரும் கொண்டுபோக முடியாது. அங்கன்வாடி திறக்கும்போது தாய் மலையேறி வெகுநேரம் ஆகியிருக்கும். போடியின் புது மனைப்பிரிவுகளில் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் முதலில் கட்ட வேண்டியது, ஜீப் புறப்படும் நேரத்துக்கே திறந்து அது திரும்பும்வரை மூடாத குழந்தைகள் காப்பகம்.