தோரின் மரண ஆருடம்

மார்வெல் நிறுவனத்தின் படக்கதை நாயகன் தோர், உலகின் இறுதிப் போரான ரக்னரோக்கில் உலகைச் சுற்றிக் கிடக்கும் மிட்கார்டு பாம்பைக் கொன்று, அதன் நஞ்சால் தானும் மடிவான் என்று முன்கூட்டியே உரைக்கப்பட்ட ஆருடம். இதன் வேர் பழைய நோர்ஸ் புராணத்தில் உள்ளது. அங்கே ஆருடத்தைக் கேட்பவன் தோர் அல்லன், அவன் தந்தை ஒடின். தன் சாவைப் பற்றித் தோர் என்ன நினைத்தான் என்று புராணம் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியதே படக்கதைகளின் பங்களிப்பாகும்.

மூலப் புராணம்

ஆருடத்தின் முதன்மை மூலம் வோலுஸ்பா என்னும் பழைய ஐஸ்லாந்தியப் பாடல். சுமார் 60 செய்யுள்கள் கொண்ட இது, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரெஜியஸ் என்னும் தோல் சுவடியில் கிடைக்கிறது. நெடுங்காலம் கோபன்ஹேகனில் இருந்த அச்சுவடி 1971இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. பாடல் முழுவதும் குறி சொல்லும் ஒரு பெண்ணின் கூற்று. உலகம் தோன்றியதில் தொடங்கி அது எரிந்து அழிந்து மீண்டும் எழுவது வரை அவள் ஒடினிடம் உரைக்கிறாள்.

இரண்டாம் மூலம், ஐஸ்லாந்தின் தலைவரும் புலவருமான ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220ஐ ஒட்டி எழுதிய உரைநடை எட்டா. பாம்பைக் கொன்ற தோர் ஒன்பது அடி நடந்து, அது உமிழ்ந்த நஞ்சால் விழுந்து இறப்பான் என்று ஸ்னோரி தெளிவாக எழுதுகிறார். அவனுடைய சம்மட்டியான மியோல்னிர், அழிவுக்குப் பின் அவன் மைந்தர்களான மோடி, மாக்னி இருவரிடமும் சேரும்.

தோருக்கும் பாம்புக்குமான பகை இறுதிப் போருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஹீமிர் என்ற அரக்கனுடன் படகில் சென்ற தோர், எருதின் தலையைத் தூண்டில் இரையாக்கிப் பாம்பை நீர்மட்டத்துக்கு இழுக்கிறான். இழுத்த வேகத்தில் அவன் கால்கள் படகின் அடித்தட்டைத் துளைக்கின்றன. அஞ்சிய ஹீமிர் தூண்டில் கயிற்றை அறுத்துவிட, பாம்பு தப்புகிறது. சுவீடனின் உப்லாந்து பகுதியிலுள்ள ஆல்டுனா ரூனிக் கல்லில் இக்காட்சி, படகைத் துளைத்த கால் உட்படச் செதுக்கப்பட்டுள்ளது. புராணம் பரவலாக வழங்கியதற்கு இக்கல் நல்ல சான்று.

ஆருடத்துக்குத் தோரின் மறுமொழி போன்ற ஒன்றைத் தேடினால் லோகசென்னா என்னும் பாடலில் ஓரிடம் மட்டும் கிடைக்கிறது. விருந்து மண்டபத்தில் கடவுளரை வரிசையாக ஏசும் லோகி, ஓநாய் ஒடினை விழுங்கும் நாளில் உனக்கு இந்த வீறாப்பு இராது என்று தோரைச் சீண்டுகிறான். உன்னைத் தூக்கிக் கிழக்கே எறிவேன் என்று தோர் மிரட்டுகிறான். தன் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் அவன் வாயில் வருவதில்லை.

எதிர்வினைகளின் வகைப்பாடு

நோர்ஸ் புராணத்திலும் அதன் வழிவந்த படக்கதைகளிலும் மரண ஆருடத்துக்கான எதிர்வினைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. தடுத்தல்: ஆபத்தை முளையிலேயே அடைக்க முயல்வது. ஒடின் பாம்பைக் கடலில் எறிவதும், கடவுளர் ஃபென்ரிர் ஓநாயைக் கட்டிப்போடுவதும், ஒடினின் மனைவி ஃபிரிக் தன் மகன் பால்டருக்காக எல்லாப் பொருள்களிடமும் சத்தியம் வாங்கிப் புல்லுருவியை மட்டும் விட்டுவிடுவதும் இவ்வகை.

2. ஏமாற்றுதல்: சொல்லப்பட்டது நடக்கட்டும், ஆனால் வேறு ஆளுக்கு நடக்கட்டும் என்று விதியைத் திசைதிருப்புவது.

3. ஏற்றல்: சாவு உறுதி என அறிந்தே களம் புகுவது.

4. உடைத்தல்: ஆருடத்தை உண்டாக்கும் ஏற்பாட்டையே ஒழிப்பது.

முதலிரண்டும் பெற்றோரின் வழிகள். பின்னிரண்டும் சாகப்போகிறவனின் வழிகள். மார்வெல் கதைகளின் வளர்ச்சி பெரும்பாலும் இந்த வரிசையிலேயே அமைந்தது.

படக்கதைகளில்: தொடக்க காலம்

மார்வெலின் தோர் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ஜர்னி இன்டு மிஸ்டரி 83ஆம் இதழில் அறிமுகமானான். கதைக்கரு ஸ்டான் லீ, வசனம் லாரி லீபர், ஓவியம் ஜாக் கர்பி. முதல் கதையில் புராணச் சாயல் மிகக் குறைவு. கால் ஊனமுற்ற மருத்துவர் டொனால்டு பிளேக் நார்வேயில் ஒரு கோலைக் கண்டெடுத்துத் தோராக மாறி, சனிக்கோளிலிருந்து வந்த கல் மனிதர்களை விரட்டுகிறார்.

97ஆம் இதழில் டேல்ஸ் ஆஃப் ஆஸ்கார்டு என்ற துணைத்தொடர் சேர்ந்த பிறகே கர்பியின் புராண ஆர்வம் வெளிப்பட்டது. 126ஆம் இதழில் தோர் எனப் பெயர் மாறிய அவ்விதழின் 1966ஆம் ஆண்டுப் பிரதிகளில், வோல்லா என்னும் குறி சொல்பவள் கடவுளரின் உலகான ஆஸ்கார்டின் அவையில் ரக்னரோக்கை விவரிக்கிறாள். போர், நெருப்பு, வெறுமை, பின்னர் புதிய உயிர்கள் என்று பக்கங்கள் விரிகின்றன. இங்கே தோர் கேட்பவர்களில் ஒருவன் மட்டுமே. பழைய கடவுளர் மடிந்து புதியவர் தோன்றும் இக்கருத்தைக் கர்பி பின்னர் டிசி நிறுவனத்துக்கு எடுத்துச் சென்று, 1971இல் நியூ காட்ஸ் தொடரைத் தொடங்கினார்.

ஒடினின் சூழ்ச்சி

1978இல் எழுத்தாளர் ராய் தாமஸும் ஓவியர் ஜான் புசேமாவும் 272ஆம் இதழ் முதல் 278ஆம் இதழ் வரை ஆருடத்தை நேரடியாகக் கையாண்டனர். தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரான ரெட் நார்வெல் என்ற மனிதன் தோரின் வலிமையைப் பெறுகிறான். தோர் சாவான் என்பதுதானே ஆருடம், எந்தத் தோர் என்று சொல்லவில்லையே என்பது ஒடினின் கணக்கு. நார்வெல் பாம்புடன் போரிட்டு மடிகிறான். இது ஏமாற்றுதலுக்குத் தூய எடுத்துக்காட்டு. தன் உயிருக்கு வேறொருவன் விலையானதை அறிந்த தோர் தந்தையை வெறுத்து ஆஸ்கார்டை விட்டு வெளியேறுகிறான். ஆருடத்தைப் பற்றித் தோருக்கென்று ஒரு நிலைப்பாடு உருவாவது இங்கேதான். பிழைத்தது அவனுக்கு மகிழ்ச்சி தரவில்லை.

சைமன்சன் காலம்

இந்த ஆருடத்தின் மிகச் சிறந்த படக்கதை வடிவம் வால்ட்டர் சைமன்சனுடையது. 1983 முதல் 1987 வரை தோர் இதழை எழுதிய இவர், மரண தேவதை ஹெலாவின் சாபம் ஒன்றை முதலில் ஏற்படுத்தினார்: தோரின் எலும்புகள் நொறுங்கும், காயங்கள் ஆறா, ஆனால் சாவு வராது. உடலைத் தாங்கக் கவசம் பூண்ட தோர் அந்நிலையிலேயே பாம்பை எதிர்கொள்கிறான்.

1987 ஜூன் தேதியிட்ட 380ஆம் இதழில் பக்கத்துக்கு ஒரே சித்திரம் என்ற முறையில் சண்டை முழுவதும் வரையப்பட்டது. சைமன்சனின் வடிவமைப்புக்கு சால் புசேமா ஓவியத்தை நிறைவு செய்தார். பாம்பு சாகிறது. தோரின் உடல் கூழாகிறது. ஆனால் உயிர் பிரியவில்லை. பாம்பும் நஞ்சும் வீழ்ச்சியும் சொன்னபடியே வந்தன, சாவை மட்டும் ஹெலாவின் சாபமே தடுத்துவிட்டது. அடுத்த இரு இதழ்களில் டிஸ்ட்ராயர் என்னும் போர்க்கவசத்துக்குள் தன் உயிரைச் செலுத்தி, ஹெலாவிடமே உடலை மீட்கிறான். உடலை மீட்கும் வழி இருப்பதை அறியாமல் களம் புகுந்தான் என்பதே இக்கதையின் சிறப்பு.

சுழற்சியின் முறிவு

2004இல் மைக்கேல் ஆவன் ஓமிங் எழுதி ஆண்ட்ரியா டி வீட்டோ வரைந்த கதை (இரண்டாம் வரிசை, 80 முதல் 85 வரை) உடைத்தல் வகையைச் சேர்ந்தது. அப்போது ஆஸ்கார்டின் அரசன் தோரே. ரக்னரோக் ஒரு முறை நிகழ்வதன்று, மீண்டும் மீண்டும் நிகழ்வது. நிழலில் மேலமர்ந்த சில ஆற்றல்கள் அச்சுழற்சியை உண்டு வாழ்கின்றன என்று அவன் கண்டறிகிறான். அறிவுக்காக ஒடின் ஒரு கண்ணைக் கொடுத்தான் என்றால் தோர் இரு கண்களையும் கொடுக்கிறான். ஆஸ்கார்டு அழிவதை அனுமதித்து, விதியின் நெசவை அறுத்துச் சுழற்சியை முடிக்கிறான். 2017இல் வெளிவந்த தோர்: ரக்னரோக் திரைப்படத்திலும் அழிவைத் தடுக்கப் புறப்பட்டவனே கடைசியில் அதை நடத்திவைக்கிறான்.

பிற்காலம்

2011இல் ஃபியர் இட்செல்ஃப் தொடரில் ஆருடம் மீண்டும் வந்தது. மகனைக் காக்கப் பூமியையே அழிக்க ஒடின் துணிய, தோர் மறுத்துப் போரிட்டுப் பாம்பைக் கொன்று இறந்தான். சில மாதங்களில் மீண்டான். 2020இல் டானி கேட்ஸ் எழுதிய தொடரில் வில்லன் தானோஸின் கையால் சாவு என்ற வேறொரு காட்சி அவனுக்குக் காட்டப்பட்டது. 2023இல் ஆல் யூயிங் தொடங்கிய இம்மார்ட்டல் தோர் 25 இதழ்களுடன் 2025இல் முடிந்து, மார்ட்டல் தோர் என்ற புதிய தொடர் தொடங்கியது.