ஒரே ஸ்ரீ, இரண்டு குறியீடு: ஸ்ரீரங்கத்து முகவரிகள் காணாமல் போன கதை

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு எழுத்தைப் பத்தி. ஸ்ரீரங்கத்துல அந்த எழுத்து இல்லாம ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. ஊர்ப் பேர்லயே அதுதான் முதல். அப்புறம் ஸ்ரீனிவாசன், ஸ்ரீதர், ஸ்ரீராம், ஸ்ரீவித்யா.

அங்கே எனக்குத் தெரிஞ்ச ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர் இருக்கார். கூட வேலை பார்த்தவங்க, பழைய மாணவர்கள்னு ஏகப்பட்ட பேரை மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்துல தமிழ்லயே ஏத்தி வெச்சிருந்தார். கணினியையும் மெயில் மென்பொருளையும் புதுப் பதிப்புக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம் தேடல் பெட்டியில ஸ்ரீரங்கம்னு அடிச்சா நாலைஞ்சு பேர்தான் வந்தாங்க. மத்தவங்க எல்லாம் அழிஞ்சு போச்சுன்னே நினைச்சுட்டார். அந்தச் சமயம் பார்த்து கூட வேலை பார்த்த ஒருத்தர் தவறிட்டார். தகவல் அந்த நாலைஞ்சு பேருக்குத்தான் போச்சு. "எங்களுக்கு ஏன் சார் சொல்லல?"ன்னு பத்தாம் நாள் கேட்டவங்களுக்கு அவரால பதில் சொல்ல முடியல.

பட்டியலைக் கீழே உருட்டிப் பார்த்தா, அத்தனை பேரும் அங்கேயேதான் இருந்தாங்க.

இதுக்குக் காரணம் 1991-க்குப் போகுது. யூனிகோடு முதல் பதிப்புல இந்திய மொழிகளுக்கான அட்டவணைகளை, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடிப்படையா வெச்சு அமைச்சாங்க. எல்லா மொழிக்கும் ஒரே மாதிரி கட்டங்கள். ஒரு மொழியில இல்லாத எழுத்தோட கட்டம் காலி. தேவநாகரியில 'ஶ' உட்கார்ந்திருக்கிற கட்டம் தமிழ்ல காலியா கிடந்தது. அதனால ஸ்ரீயை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு குறியீடா எழுதினாங்க. 2005-ல் வந்த யூனிகோடு 4.1 அந்தக் காலிக் கட்டத்துல 'ஶ'வைச் சேர்த்தது. வடமொழிச் சொல்லுக்கு அதுதான் சரியான எழுத்து என்பதால், இனிமேல் 'ஶ'வில் தொடங்கும் வரிசையே பொருத்தமானதுன்னு முடிவாச்சு. ஆனா அதுக்குள்ள எழுதி முடிச்சதெல்லாம் 'ஸ'வில் இருந்துச்சே!

இங்கே இரண்டையும் தர்றேன்: ஸ்ரீ, ஶ்ரீ. எழுத்துரு ஒழுங்கா இருந்தா வித்தியாசமே தெரியாது. காதுக்கும் ஒண்ணு, கண்ணுக்கும் ஒண்ணு, கணினிக்கு மட்டும் வேற வேற.

'கொ' மாதிரி எழுத்தையும் உள்ளுக்குள்ள இரண்டு விதமா சேமிக்கலாம். ஆனா அவை சமம்னு யூனிகோடே விதி போட்டிருக்கு. நார்மலைசேஷன் பண்ணினா ஒண்ணாயிடும். ஸ்ரீக்கு அப்படி விதி இல்ல, இரண்டையும் சமமா நடத்துங்கன்னு பரிந்துரை மட்டும்தான். பரிந்துரையை நம்ம மாதிரி புரோகிராமர்கள் எப்படிப் படிப்போம்னு உங்களுக்கே தெரியும்.

ஆசிரியரோட பழைய விசைப்பலகை மென்பொருள் 'ஸ' போட்டது, புதுசு 'ஶ' போடுது. முகவரிப் புத்தகம் இடம் மாறினதுல எந்தத் தப்பும் இல்ல. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் முகவரிகள் விஸ்டா வந்தப்போ தனித்தனிக் கோப்பாச்சு, தண்டர்பேர்டு 2020-ல் தன்னோட பழைய கோப்பு வடிவத்தை விட்டு எஸ்கியூலைட்டுக்கு மாறுச்சு. இப்படி வீடு மாறும்போது உள்ளே இருக்கிற எழுத்து அப்படியேதான் போகும். தேடுற விரல்தான் மாறிடுச்சு.

இன்னும் பழைய காலத்தை நினைச்சா எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும். 1999-ல் சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டேம், டேப் தரங்கள் வந்தன. டிஸ்கி இன்னொரு பக்கம். எழுத்துரு இல்லாத கணினிக்கு மாறினா தமிழ்ப் பேரெல்லாம் கோணல்மாணலான ரோமன் குறிகளாத் தெரியும். பார்த்த உடனே உடைஞ்சிருக்குன்னு புரியும். இப்போ உடைஞ்சதே தெரியாது.

சரி, எப்படிச் சரி பண்றது? முதல்ல முகவரிப் புத்தகத்தை ஒரு காப்பு எடுத்துக்கோங்க. அப்புறம் யூடிஎஃப்-8 சிஎஸ்வியா ஏற்றுமதி பண்ணி, எக்செல்ல இரட்டைக் கிளிக் பண்ணாம, டெக்ஸ்ட் எடிட்டர்ல திறங்க. உங்க விசைப்பலகை எந்த ஸ்ரீயைத் தருதோ, மத்ததை முழுசா அதா மாத்துங்க. முழு ஸ்ரீயைத்தான் மாத்தணும். வெறும் 'ஸ்'ஸை மாத்தினா ஜேம்ஸும் மிஸ்ராவும் அடிபடுவாங்க. முடிஞ்சதும் காலியான புதுப் புத்தகத்துல இறக்குமதி பண்ணிப் பாருங்க.

இத்தனையும் செஞ்சு கொடுத்துட்டேன். ஆனா ஆசிரியரோட போன் இன்னும் பழைய 'ஸ'வைத்தான் போடுது. அதனால இப்போ அவர் ஊர்ப் பேரைத் தேடுறதே இல்ல. 1972-ல் வந்த பின்கோடை எல்லா முகவரியிலும் ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தார். 620006-ன்னு அடிக்கிறார், மொத்த ஸ்ரீரங்கமும் வந்துடுது.