மாடிப்படியும் நாடித் துடிப்பும்

1970களின் நடுவில் கனடா நாட்டு வீடுகளுக்கென ஓர் இசைத்தட்டு தயாரிக்கப்பட்டது. தட்டைச் சுழலவிட்டால் இசை எழும். இடையிடையே ஒரு குரல் கட்டளையிடும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசிப்பதற்கான இசை அன்று அது. வீட்டு மாடிப்படியின் அடியில் நின்று, தாளம் தவறாமல் இரண்டு படி ஏறி இரண்டு படி இறங்கவேண்டும். இசை நின்றதும் தம் நாடியைத் தாமே பிடித்து எண்ணவேண்டும். இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதைச் சாதாரண மக்கள் வீட்டிலேயே கணித்துக்கொள்ள அந்நாட்டு அரசின் ஆதரவுடன் உருவான சோதனை இது. இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது.

இங்கிலாந்து விஞ்ஞானி ஏ. வி. ஹில் 1920களின் தொடக்கத்தில் முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் வட்டமிட்டு ஓடினார். வெளிவிடும் மூச்சு முழுவதும் அந்தப் பையில் சேரும். அதைப் பகுத்துப் பார்த்தால் உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிட்டது என்று தெரியும். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கூடியது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூடவில்லை. ஹில்லின் உடலுக்கு அந்த எல்லை நிமிடத்திற்குச் சுமார் 4 லிட்டர். இதயம், நுரையீரல், இரத்தம், தசை ஆகிய நான்கும் சேர்ந்து செய்யும் வேலையின் உச்சத்தை ஒரே எண்ணில் சொல்லும் அளவு இது. இன்றும் இதற்கு நிகரான வேறு அளவு இல்லை.

ஆனால் இதை அளக்க மனிதரைக் களைத்து விழும்வரை ஓடச் செய்யவேண்டும். திடமான வாலிபருக்குச் சரி. மாரடைப்புக்கு அஞ்சும் ஐம்பது வயதுக்காரருக்கு? எனவே உச்சம்வரை போகாமலே உச்சத்தை ஊகிக்கும் வழிகளைத் தேடலாயினர். கையில் கிடைத்த எளிய சாட்சி நாடித் துடிப்பே. நியூயார்க் மருத்துவர் ஆர்தர் மாஸ்டர் 1929இல் 9 அங்குல உயரமுள்ள இரண்டு படிகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். நோயாளி ஏறி இறங்கியபின் நாடியும் இரத்த அழுத்தமும் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு வருகின்றன என்று அவர் கவனித்தார்.

படிச்சோதனைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது இரண்டாம் உலகப் போர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை 'களைப்பு ஆய்வுக்கூடம்' என்றே ஒன்று இயங்கிவந்தது. அங்கே பணியாற்றிய பெல்ஜிய நாட்டவரான லூசியன் புரூவா, இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகச் சோதிக்க ஒரு முறையை 1943இல் வெளியிட்டார். பலகையின் உயரம் 20 அங்குலம். நம் வீட்டு நாற்காலியை விடச் சற்று உயரம். நிமிடத்திற்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கவேண்டும். கூட்டிப் பார்த்தால் இருபது மாடிக்கும் மேற்பட்ட கட்டடத்தில், அதாவது சுமார் 76 மீட்டர், ஏறியதற்குச் சமம்! பிறகு உட்கார்ந்து, 1, 2, 3 நிமிடங்கள் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நாடியை எண்ணவேண்டும். ஏறிய விநாடிகளை நூறால் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையை இரட்டித்து, அதனால் வகுத்தால் மதிப்பெண் வரும். ஐந்து நிமிடமும் தாக்குப்பிடித்த ஒருவரின் எண்ணிக்கைகள் 70, 60, 50 என்றால் மதிப்பெண் 83. 'நன்று' என்ற வகை. கல்லூரி இளைஞருக்காகப் பிறந்த இந்தச் சோதனையை எல்லா வயதினர்க்கும் சுமத்துவது நியாயமன்று என்பதே என் கருத்து. குட்டையானவர்க்கு அந்தப் பலகையே ஒரு மலை.

ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ராண்ட் என்பவரும் இர்மா ரிமிங் என்பவரும் 1954இல் இன்னொரு வழி கண்டனர். மிதமான உழைப்பின்போது நாடித் துடிப்பும் ஆக்சிஜன் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே உயர்கின்றன. ஆகவே பாதி வழியில் நாடியைப் பார்த்தே உச்சத்தைச் சொல்ல ஒரு கணிப்பு வரைபடம் அமைத்தனர். அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறையும். 25 வயதில் சுமார் 195ஐத் தொடும் துடிப்பு, 60 வயதில் சுமார் 160 அளவிலேயே நின்றுவிடலாம். துடிப்பு 140 என்றால் இளைஞருக்கு இன்னும் நிறைய இடம் உண்டு. முதியவர் எல்லையை நெருங்கிவிட்டார். இளைஞர்களை வைத்து வரைந்த படம் முதியவரின் திறனை மிகைப்படுத்தியது. 1960இல் இதற்கான வயதுத் திருத்தத்தை வெளியிட்டவர் அதே இர்மாதான். அப்போது அவர் இர்மா ஆஸ்ட்ராண்ட்.

கனடாவுக்கு வருவோம். 60 வயது ஸ்வீடன்காரரும் 30 வயது கனடாக்காரரும் உடல் திடத்தில் ஏறக்குறைய சமம் என்று 1973இல் அங்கே ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது, நாடே கூச்சப்பட்டது. அந்தச் சூழலில்தான் பெய்லி, ஷெப்பர்டு, மிர்வால்டு ஆகியோர் வீட்டுச் சோதனையை வடிவமைத்து 1976இல் விவரம் வெளியிட்டனர். படி ஒவ்வொன்றும் 8 அங்குலம். இதில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் எச்சரிக்கை உணர்வுதான். முதல் 3 நிமிடம் தம்மைவிடப் பத்து வயது மூத்தவருக்கான தாளத்தில் ஏறவேண்டும். நின்றதும் 10 விநாடி நாடி எண்ணி, குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால்தான் தம் வயதுக்குரிய தாளத்திற்குப் போகலாம்.

இதில் பிழை நேர இடமுண்டு. 10 விநாடியில் 24 துடிப்பு என்றால் நிமிடத்திற்கு 144. ஒன்றைக் கூட்டி எண்ணினால் 150. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்னும் பிரபலமான கணக்கும் ஒரே வயதுடைய இருவருக்குள் இருபது துடிப்புவரை தவறக்கூடும். இன்றைய கைக்கடிகாரக் கருவிகள் நாடியைத் தாமே எண்ணிவிடுகின்றன. ஆனாலும் நாடியிலிருந்து ஆக்சிஜனை ஊகிக்கும் அந்தப் பழைய தாவலை அவையும் தாண்டியே ஆகவேண்டும். எனவே பக்கத்து வீட்டுக்காரருடன் ஒப்பிடுவதை விட, மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்தபின் அதே படியில், அதே தாளத்தில் தம்மைத் தாமே மறுபடி சோதிப்பதே பயன் தரும். கனடாவில் அந்த இரட்டைப்படி, பயிற்சி பெற்றவர் உடனிருந்து நடத்தும் சோதனையாகப் பின்னர் மாறியது. 2007இல் அங்கே தொடங்கிய தேசிய சுகாதார அளவீட்டிலும் அது இடம்பெற்றது.

அதே 1970களில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளும் தயாரானது. இதயக் கோளாறு என்று மருத்துவர் சொன்னதுண்டா? நெஞ்சு வலி வருமா? மயக்கமோ கடும் தலைச்சுற்றலோ உண்டா? இரத்த அழுத்தம் அதிகமா? மூட்டுத் தொல்லை உண்டா? வேறு உடற்காரணம் ஏதேனும்? 65 வயது கடந்தும் கடும் உழைப்பில் பழக்கமில்லாதவரா? ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், படியில் கால் வைக்குமுன் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.