ஹட்டன் ஸ்டேஷனும் ஒப்பாரிக் கோச்சியும்



ஹட்டன் ஸ்டேஷன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு உல்லாசப் பயணிகள் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கும் இடம். சீசனில் சிவனொளிபாதமலைக்கு, நம்மவர் வாயில் பாவா ஆதம் மலைக்கு, போகிறவர்கள் இறங்கும் இடம். ஆனால் அந்தப் பிளாட்பாரம் வேறொன்றையும் பார்த்திருக்கிறது.

தண்டவாளம் முதலில் போடப்பட்டது கோப்பிக்காக. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி. அதற்குள் 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழிக்க ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து மேலே ஏற 10 வருடம் பிடித்தது. தேயிலை காலூன்றிய பிறகு 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் கோச்சி வந்தது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தேயிலை இங்கே ஏறியது. தோட்டத்துக்கு அரிசி இங்கே இறங்கியது.

தேயிலை கோச்சியில் போன காலத்திலும் ஆட்கள் பலர் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வழியில் வந்தவர்களுக்கும் கோச்சிப் பயணம் வாய்த்தது.

அதே பாதையில்தான் திருப்பியும் அனுப்பினார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கு சுலபம். லயத்தில்தான் அது பிரியவில்லை. தாய் தகப்பன் இந்தியப் பிரஜை, கல்யாணம் கட்டிக்கொடுத்த மகள் இலங்கைப் பிரஜை என்று எத்தனை குடும்பம்!

ட்ரங்குப் பெட்டியும் மூட்டையுமாக ஸ்டேஷனுக்கு வருவார்கள். வழியனுப்ப லயமே திரண்டு வரும். கோச்சி நகர்ந்ததும் பிளாட்பாரத்திலும் பெட்டிக்குள்ளும் அழுகை எழும். அதனால்தான் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. ஒப்பாரி செத்தவருக்கு வைப்பது. உயிரோடு போகிறவர்களுக்கு நம் மக்கள் அதை வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தச் சரித்திரப் புத்தகமும் சொல்லிவிடாது.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம். அங்கிருந்து பலர் நீலகிரிக்கு, கூடலூர், கோத்தகிரிப் பக்கம், மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள். யுத்தத்தால் 1984இல் கப்பலும் நின்றது. பிறகு கடிதம்தான்.

அந்தக் கடிதங்களோ பழைய பாஸ்போர்ட்டோ உங்கள் வீட்டில் இருந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.