குளத்தின் அடியில் இருந்த ஒரே ஓட்டை

சில வருஷம் முன்னால் கலிபோர்னியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல்குளம் இருந்தது. பம்புக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு. ஒரு பக்கம் ஸ்கிம்மர், இன்னொரு பக்கம் மெயின் டிரெயின், அதாவது குளத்தின் அடியில் இருக்கும் உறிஞ்சுவாய். கைப்பிடியை நடுவில் வைத்தால் இரண்டிலிருந்தும் தண்ணீர் வரும். வாராவாரம் சுத்தம் செய்ய வருகிறவர் முதல் நாளே என்னிடம் ஒன்று சொன்னார்: யாராவது குளத்தில் இருக்கும்போது இதை முழுசாக அடிப்பக்கம் திருப்பிவிடாதே. ஏன் என்று கேட்டேன். சின்னதாக ஒரு கதை சொன்னார். அதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஏன் இரண்டு வாய் என்று பார்த்துவிடுவோம். இலை, பூச்சி, உடம்பில் பூசிய எண்ணெய் எல்லாம் மேலே மிதக்கும். அதை இழுப்பது ஸ்கிம்மர். மண்ணும் கசடும் கீழே தங்கும், ரசாயனம் கலக்காத தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அதை இழுப்பது மெயின் டிரெயின். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதைத்தான் பல வருஷமாக 'பேலன்ஸ்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ஸ்கிம்மர் கூடையில் இலை அடைத்துக்கொண்டால், வால்வை யாரும் தொடாமலேயே மொத்த இழுவையும் அடியில் உள்ள ஓட்டைக்குப் போய்விடும். அந்த ஓட்டை ஒன்றே ஒன்றாக இருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. பம்பு ஓடும்போது அது முழுசாக அடைபட்டு, உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் உருவானால், மூடியிருக்கும் பொருளின் மேல் விழும் விசை 200 கிலோவுக்கு மேல். நம்மூர் மோனோபிளாக் மோட்டார் இருபது அடிக் கீழேயிருந்து தண்ணீரை இழுப்பது எந்த விசையாலோ, அதே விசைதான். அடைத்துக்கொண்டிருப்பது ஒரு குழந்தையின் முதுகாக இருந்தால் அப்பாவால் இழுத்து எடுக்க முடியாது. பம்பை நிறுத்த வேண்டும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியாது.

1993-இல் வட கரோலினாவில், குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளம் ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமி மூடி கழன்றிருந்த டிரெயினில் சிக்கினாள். உயிர் பிழைத்தாள், ஆனால் குடலின் பெரும்பகுதி போய்விட்டது. 1997-இல் ஜூரி மூடி தயாரிப்பாளர் மீது 25 மில்லியன் டாலர் விதித்தது. வழக்காடியவர் ஜான் எட்வர்ட்ஸ், பிறகு செனட்டராகி 2004-இல் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். இதே மாதிரி விபத்துகள் ஏற்கெனவே நடந்திருந்தன, தயாரிப்பாளருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தெரிந்த பிழையை 'யூசர் தப்பு' என்று மூடி வைப்பது எங்கள் தொழிலிலும் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு சர்வர்தான் விழும்.

2002 ஜூனில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி, ஒரு விருந்தில், சுடுநீர்த் தொட்டியின் டிரெயினில் சிக்கி இறந்தாள். அம்மா நான்சி பேக்கரால் இழுத்தெடுக்க முடியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்தபோது டிரெயின் மூடி உடைந்துதான் உடல் வெளியே வந்தது. தாத்தா ஜேம்ஸ் பேக்கர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். நான்சி நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னார், தாத்தாவும் கூடவே போராடினார். 2007 டிசம்பர் 19 அன்று, ஒரு பெரிய எரிசக்திச் சட்டத்துக்குள் செருகப்பட்டு, அவள் பெயரிலேயே சட்டம் கையெழுத்தானது. முன்னாள் அமைச்சரின் பேத்தி இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் சொன்னது ரொம்ப எளிது. மூடி தரச் சோதனையில் தேற வேண்டும். பொதுக் குளத்தில், உடம்பால் அடைக்க முடிகிற அளவுள்ள ஒற்றை டிரெயின் இருந்தால் இன்னொரு பாதுகாப்பும் வேண்டும்: வெற்றிடத்தை உணர்ந்து விடுவிக்கும் கருவி, பம்பைத் தானாக நிறுத்தும் கருவி, காற்று புகும் குழாய், இப்படி ஏதோ ஒன்று. புதிதாகக் கட்டும்போது வழக்கமான வழி, குறைந்தது 3 அடி தள்ளி இரண்டு டிரெயின் வைத்து, நடுவில் டி போட்டு இணைப்பது. ஒன்றை உடம்பு அடைத்தாலும் இன்னொன்றில் தண்ணீர் ஓடும், வெற்றிடம் ஏறாது. கருவியை விட இதைத்தான் நான் நம்புவேன். இதில் பேட்டரி இல்லை, சென்சார் இல்லை. தவிர, தலைமுடி மூடிக்குள் போய் முடிச்சு விழுந்தால் வெற்றிடமே உருவாகாது, கருவிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மூடி வழியாகப் பாயும் நீரின் வேகம் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மூடியும் எவ்வளவு ஓட்டத்தைத் தாங்கும் என்று அளவிட்டு எழுதுகிறார்கள்.

அந்த அளவே தப்பானால்? 2011 மே மாதம் எட்டுத் தயாரிப்பாளர்களின் சுமார் பத்து லட்சம் மூடிகள் திரும்பப் பெறப்பட்டன. ஓட்ட அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சட்டத்துக்காக அவசர அவசரமாக மாற்றிய குளங்களில் பல, மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று.

வீட்டுக் குளங்களைத் தோண்டி மாற்று என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குளம் பழசு, ஒற்றை டிரெயின். வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது முதலில் சிரித்தார். அடுத்த மாதம் தண்ணீரை இறைத்து டிரெயினை நிரந்தரமாக அடைக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஸ்கிம்மர் மட்டும்தான். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும் என்பதால் வெயில் காலத்தில் தினமும் ஹோஸ் போட வேண்டியிருந்தது. திரும்பி வரும் தண்ணீரின் வாய்களைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தோம், அடித்தண்ணீரும் கொஞ்சம் நகரட்டும் என்று. ஆழமான மூலையில் மட்டும் கசடு தங்கும். சனிக்கிழமை காலையில் நானே பிரஷ் போட்டுத் தள்ளிவிடுவேன்.